ஆன் ரணசிங்கவின் 'ஜூலை 1983': வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களுக்கு யூதர் என்ற பெயர் புதியதன்று. ஆனால் யூதர் ஒருவரோடு பேசிப் பழகியவர்களை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். பெயர் உண்டு, ஆள் இல்லை. ஆள் இல்லாத பெயர் நாளடைவில் உவமையாகி விடுகின்றது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நமது தமிழ்க் கிராமங்களின் மேடைகளில் யூதர் எத்தனை முறை எடுத்துக்காட்டாக வந்து போயினர்! ஈராயிரம் ஆண்டுகள் நாடின்றி அலைந்து, கடைசியில் நாடு கண்ட இனம் என்றும், நாமும் அவ்வாறே காண்போம் என்றும் பேசக் கேட்டுக் கைதட்டியவர்கள் நாம். அதே காலத்தில், இரண்டு கட்டை தூரத்திலுள்ள முஸ்லிம் ஊர்களில் அதே பெயர் வேறு பொருளில் ஒலித்தது. அங்கே யூதர் என்றால் பலஸ்தீன மக்களின் வீட்டையும் வயலையும் பறித்தவர் என்று பொருள். கல்முனையைச் சேர்ந்த கவிஞர் எம். ஏ. நுஃமான் 1981-ல் வெளியிட்ட 'பலஸ்தீனக் கவிதைகள்' என்னும் மொழிபெயர்ப்புத் தொகுதி, அந்த மக்களின் துயரை அவர்களது கவிஞர்களின் வாய்மொழியாகவே நமக்குக் கேட்கச் செய்தது. தமிழிலக்கியத்துக்கு அது ஒரு பெரும் பேறு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இரு ஊர்களும் யூதரை உவமையாகவே வைத்திருந்தன. ஒருவருக்கு ஆசைக்கு உவமை. மற்றவருக்கு அநீதிக்கு உவமை. இலக்கியத்தின் தொழில் உவமைகளைப் பெருக்குவது மட்டுமன்று. உவமையாக உறைந்துபோன மனிதரை மீண்டும் மனிதராக்கிக் காட்டுவதும் அதன் தொழிலே. அந்த வகையில், நமது தீவிலேயே அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நமது தீவைப் பற்றியே எழுதி, 2016 டிசம்பரில் கொழும்பில் காலமான ஒரு யூதப் பெண் கவிஞரைத் தமிழ் வாசகர் போதிய அளவு கண்டுகொள்ளாதது நமது குறை. அவர் பெயர் ஆன் ரணசிங்க. அவரது 'ஜூலை 1983' என்ற ஆங்கிலக் கவிதையை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கவிதைக்குள் புகுமுன், இலங்கைக்கு வந்த யூதர்கள் யாவர் என்பதைச் சற்று நோக்குதல் பயன் தரும். ஓர் இனத்தவர் அனைவரையும் ஒரே அச்சில் வார்க்கும் பழக்கத்தை அது தகர்க்கும். 1841-ல் புசல்லாவையில் தோட்டம் திறந்த மொரிஸ், கேப்ரியேல் டி வோர்ம்ஸ் சகோதரர்கள் ஐரோப்பாவின் பெரும் வங்கிக் குடும்பமான றொத்ஸ்சைல்ட் குடும்பத்தின் நெருங்கிய உறவினர். தங்கள் தோட்டத்துக்கும் அந்தப் பெயரையே இட்டனர். அங்கே முதுகு ஒடிய உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம்மவர். 1904-ல் வந்து 1911 வரை யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் பிரித்தானிய அரசின் உத்தியோகத்தராய் இருந்த லெனார்ட் வுல்ஃப், இலண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆளவந்தவர், ஆளப்பட்ட சிங்களக் குடியானவனின் அழிவை 1913-ல் நாவலாக்கினார். மூன்றாமவர் ஜேர்மனியில் சீக்முண்ட் ஃபெனிகராகப் பிறந்து, இங்கே பௌத்த துறவியாகி, 1958-ல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஞானபோனிக்க தேரர். ஹிட்லரால் யூதர் என்று ஒதுக்கப்பட்ட அவரை, உலகப் போர் வந்ததும் பிரித்தானிய அரசு ஜேர்மனியர் என்று சிறைமுகாமில் அடைத்தது! நான்காமவர் ஹங்கேரியிலே பிறந்த உளப்பகுப்பாய்வாளர் எடித் லுடொவைக். நாஸிகளின் கை நீண்டுகொண்டிருந்த 1938-ல் இங்கே வந்து, நமது பெண்களின் இயக்கத்தில் பங்கு கொண்டு, 1956 வரை வாழ்ந்தவர்.

முதலாளியும் உத்தியோகத்தரும் துறவியும் அகதியும் இவர்களுள் இருக்கின்றனர். இவர்களை ஒரே சொல்லில் அடக்கி, அந்தச் சொல்லின் மீது அன்பையோ வெறுப்பையோ கொட்டுவது எவ்வளவு அறிவீனம் என்பதை விளக்க வேறு சான்று வேண்டாம். ஆன் ரணசிங்க இந்த வரிசையில் அகதியாய் வாழ்வைத் தொடங்கியவர்.

1925-ல் ஜேர்மனியின் எஸ்ஸன் நகரில் அன்னலீஸ் காட்ஸ் என்ற பெயருடன் அவர் பிறந்தார். 1938 நவம்பர் 9-ஆம் திகதி இரவு, நாடெங்கும் யூதரின் கடைகள் நொறுக்கப்பட்டன. தொழுகைக் கூடங்கள் எரியூட்டப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஸ்ஸனின் பெரிய தொழுகைக் கூடமும் எரிந்தது. அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. 1939-ன் தொடக்கத்தில் பெற்றோர் அவரை இங்கிலாந்துக்குத் தனியே அனுப்பினர். பெற்றோரை அவர் பின்னர் காணவில்லை. அவர்கள் நாஸிகளால் கொல்லப்பட்டனர். இங்கிலாந்தில் தாதியாகப் பயின்று, சிங்கள மருத்துவர் ஒருவரை மணந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தார். பிள்ளைகளை வளர்த்து, வயது நாற்பதைக் கடந்த பின்னரே எழுத்தில் ஊன்றினார். முதற் கவிதைத் தொகுதி 1971-ல் வந்தது. சர்வதேச மன்னிப்புச் சபையின் தென்னாசிய வெளியீட்டுப் பணியில் பல்லாண்டுகள் உழைத்தார். உலகத்துச் சிறைகளின் செய்தி அவரது மேசைக்கு நாளாந்தம் வந்த தபால். இதை மறந்து அவர் கவிதையைப் படிக்க முடியாது.

அவரது கவிதைகளின் பொதுத் தன்மை ஒன்றுண்டு. அமைதியான ஒரு காட்சியில் தொடங்கும். அந்த அமைதியின் அடியில் நெருப்பு இருக்கும். 'கொழும்பிலிருந்து ஓஸ்விச்' என்னும் கவிதை மார்ச் மாத வெயிலில் வெந்து கிடக்கும் கொழும்பில் தொடங்கி, எங்கோ குளிரில் உறைந்த வேறொரு நகரத்துக்கு நம்மை இழுத்துச் செல்லும். இன்னொரு கவிதையில், தம் வீட்டு அரலிய மரத்தின் நிழலில் நாள்தோறும் ஒருவன் அமர்ந்து நார் திரித்துக் கயிறு முறுக்குவதைக் காண்கிறார். நம் ஊர்ப் பக்கத்தில் கயிறு திரிப்போரைப் பார்த்து நாம் அஞ்சியதுண்டா? அவர் அஞ்சுகிறார். கயிறு என்னென்னவற்றுக்கு ஆகும் என்பதைப் பதின்மூன்று வயதில் கற்றுக்கொண்ட கண் அது. எதுவும் எப்பொழுதும் நடக்கக்கூடும். பாட்டும் தத்துவமும் அரண் ஆகமாட்டா என்பதே அக்கவிதை தரும் அறிவு. கலை மனிதனைத் தானாகவே பண்படுத்தி விடும் என்று நம்பும் நம் இரசிகமணிகள் இதைச் சற்று ஆறுதலாகப் படிக்க வேண்டும்.

இனி 'ஜூலை 1983'. அளவிற் சிறிய கவிதை. முற்பகுதியில், நாஸிக் கொலைஞரைப் பற்றியும், கொலையை நின்று பார்த்தவரைப் பற்றியும் தாம் முன்பெல்லாம் எண்ணி வியந்ததைச் சொல்கிறார். வேட்டையாடப்பட்டவரின் முகம் அவர்களுக்கு நினைவில் வருமா, அல்லது நிம்மதியாகத் தூங்குவார்களா என்பது அவருக்கிருந்த கேள்வி. பிற்பகுதியில், நாற்பது ஆண்டுகள் கழிந்து மீண்டும் வானம் சிவக்கிறது. இம்முறை எரிவது அவரது மக்களின் வீடுகள் அல்ல, தமிழரின் வீடுகள். எரித்தவர் எந்தச் சமூகத்தின் பெயரால் எரித்தனரோ, அந்தச் சமூகத்தில் அவர் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். இரத்த உறவு இல்லை. மணவழி உறவு மாத்திரமே. அவ்வளவு மெல்லிய உறவைக் காட்டித் தப்பிக்கொள்ள வழியிருந்தும் அவர் தப்பவில்லை. துன்புற்றவளும் தாமே, குற்றம் சாட்டப்பட்டவளும் தாமே என்ற இரட்டை நிலையை ஏற்றுக்கொள்கிறார். இறுதியில், அந்த நெருப்பிலே குளிர்காய்ந்தவர் சிலரும் உண்டு என்று காட்டிவிட்டுக் கவிதை நின்று விடுகிறது.

இக்கவிதையின் வலிமை ஒப்பீட்டில் இருப்பதாகவே பலரும் கொள்வர். ஒப்பீடு பொருத்தமானதே. 1938-ல் பாரிஸில் ஜேர்மன் தூதரக அதிகாரி ஒருவர் சுடப்பட்டது சாட்டாயிற்று. 1983-ல் திருநெல்வேலியில் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டது சாட்டாயிற்று. இரண்டிலும் மக்களின் ஆவேசம் என்று சொல்லப்பட்டதன் பின்னால் அமைப்பின் கை இருந்தது. கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றன. ஜேர்மனியில் நட்டத்துக்கு உள்ளான யூதர் மீதே நூறு கோடி மார்க் தண்டம் விதிக்கப்பட்டது. இங்கே நாட்டின் ஜனாதிபதி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றியபோது, வீடிழந்தோருக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனினும், கவிதையை உயர்த்துவது இந்த ஒப்பீடன்று. தாம் துன்புற்ற இனத்தில் பிறந்தவர் என்ற தகுதியைக் கேடயமாகப் பிடிக்க மறுத்த நேர்மையே அதனை உயர்த்துகிறது. துன்பத்தின் நினைவு இரு வேலை செய்யும். என்னைப் போல் யார் துன்புற்றார் என்று கேட்டு மனிதனைக் கல்லாக்கும். என்னைப் போல் இன்னொருவர் துன்புறுகிறாரே என்று பதறவைத்து அவனைத் தெருவுக்கு இறக்கும். ஆன் ரணசிங்க இரண்டாவதைத் தேர்ந்தார்.

குறையும் கூற வேண்டும். வெறும் புகழ்ச்சி விமர்சனமாகாது. நெருப்பில் குளிர்காய்ந்தவர் யார் என்பதைக் கவிதை தொட்டுவிட்டு விடுகிறது. எஸ்ஸன் நகரம் குருப் என்னும் ஆயுத முதலாளியின் நகரம். போர்க்காலத்தில் அந்த ஆலைகளில் கட்டாயத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வதைபட்டனர். அதற்காக 1948-ல் நூரம்பேர்க்கில் தண்டிக்கப்பட்ட அல்ஃபிரட் குருப் 1951-லேயே விடுதலை பெற்றார்; சொத்தும் திரும்பக் கிடைத்தது. குளிர்காய்ந்தவர் யார் என்ற கேள்விக்கு அவர் பிறந்த ஊரிலேயே விடை இருந்தது. கொழும்பிலும் அவ்வாறே. தமிழரின் கடையும் ஆலையும் எரிந்தபோது போட்டி ஒழிந்ததென்று மகிழ்ந்தவர் சிலர். அதே ஆலையில் கூலி வாங்கிய சிங்களத் தொழிலாளி மறுநாள் வேலையற்று நின்றார். இனவெறியின் கணக்குப் புத்தகம் கவிதையில் விரிக்கப்படவில்லை. அது ஆங்கிலத்தில், கொழும்பின் ஒரு மதிலுக்குள் இருந்து எழுதப்பட்ட கவிதை. தோட்டத்து லயத்திலிருந்து விரட்டப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் நடந்த மலையகத் தொழிலாளி அதில் தோன்றவில்லை. ஆயினும், குற்றத்தில் தமக்கும் பங்குண்டோ என்று தம்மையே கேட்டவர் அவர். அந்தக் கேள்வியை எழுப்பாமல் வர்க்க ஆய்வு மட்டும் செய்தால், அதுவும் குற்றத்தைப் பிறர் தலையில் சுமத்தும் இன்னொரு வழியாகி விடும்.

இந்தக் கவிதையை வாவிக்கரையில் வைத்து வாசிக்கும்போது நமக்கு என்ன நேர்கிறது?

முதலில் நம் தலை நிமிர்கிறது. 1983-ல் எரிக்கப்பட்டவர் நம்மவர். வெலிக்கடைச் சிறையில் இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியவர்கள் மட்டக்களப்புச் சிறைக்கே கொண்டுவரப்பட்டு, அவ்வாண்டு செப்டெம்பரில் சிறையுடைத்து வெளியேறினர். நம் துயருக்கு ஒரு சாட்சி, அதுவும் நாஸிக் கொடுமையை அறிந்த சாட்சி, கிடைத்துவிட்டதென்று எண்ணுகிறோம். 1984-ல் இஸ்ரேலின் நலன் பேணும் பிரிவு கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தில் திறக்கப்பட்டு, இஸ்ரேலிய ஆலோசகர்கள் இலங்கைப் படையினருக்குப் பயிற்சியளித்தபோது, மேடையில் நாம் போற்றிய உவமை நமக்கு எதிராகவே திரும்பியது. அப்போதும், அரசு வேறு, மக்கள் வேறு என்ற எளிய உண்மையை நாம் கற்றோமா? கற்கவில்லை. ஓர் உவமையை எறிந்துவிட்டு வேறோர் உவமையைத் தேடினோம்.

கவிதையை இரண்டாம் முறை படிக்கும்போது தலை குனிகிறது. மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று சொல்வது நம் வழக்கு. வெறும் அலங்காரப் பேச்சன்று அது. ஒரு தமிழ் ஊர், அடுத்து ஒரு முஸ்லிம் ஊர் என்று கரையோரம் நெடுகிலும் குழலில் அடுக்கினாற் போலவே ஊர்கள் அமைந்துள்ளன. இரு சாராரிடையும் தாய்வழிக் குடிமுறை உண்டு. வீடு பெண்ணுக்கே சீதனமாகும். வயலில் ஒருவர், கடையில் ஒருவர், சந்தையில் இருவரும். அத்தகைய மண்ணில் 1985 ஏப்ரலில் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்ட் 3-ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற 100-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை, சிறுவர் உட்பட, விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சில நாட்களில் ஏறாவூரிலும் முஸ்லிம் குடும்பங்கள் இரவோடிரவாகக் கொல்லப்பட்டன. வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டதில் முஸ்லிம் ஊர்காவற் படையினருக்கும் பங்கு இருந்தது. செப்டெம்பர் 9-ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 180-க்கும் மேற்பட்ட தமிழரைப் படையினர் கொன்றனர். ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 70,000 முஸ்லிம்கள், கையில் எடுத்துச் செல்லக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகும்படி புலிகளால் விரட்டப்பட்டனர். நாடின்றி அலைந்த இனத்தின் கதையை மேடையிலே கண்ணீரோடு சொன்ன நாம், நம் கண் முன்னே ஒரு மக்கள் கூட்டம் வீடிழந்து நடந்தபோது, அந்தக் கதையை மறந்து விட்டோம்.

இவ்வளவையும் அடுக்கியது தராசில் நிறுப்பதற்காக அன்று. ஓர் அரசின் படை செய்ததும், ஓர் இயக்கம் செய்ததும், பக்கத்து ஊரார் செய்ததும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அதிகாரத்தின் அளவு வேறு. பொறுப்பின் அளவும் வேறு. நாம் கேட்பது இலக்கியம் பற்றிய கேள்வி. 1990-க்குப் பின் கிழக்கிலங்கையில் எழுந்த எழுத்தில் ஒப்பாரிக்குக் குறைவில்லை. தமிழர் தமது பிணங்களுக்கு அழுதனர்; முஸ்லிம்கள் தமது பிணங்களுக்கு அழுதனர். இரண்டும் உண்மையான அழுகை. தன் பெயரால் செய்யப்பட்டதற்காகக் கூசி நின்று, அடுத்த ஊரின் பிணத்துக்கு அழுத எழுத்து எவ்வளவு? சிலர் எழுதினர், துணிவோடு எழுதினர், அவர்களை வணங்குகிறோம். ஆனால் அது நம் இலக்கியத்தின் பொது நெறியாகவில்லை. காரணம் அச்சம் மட்டுமன்று. துன்புற்றவன் குற்றவாளியாக முடியாது என்ற மனப்பழக்கமும் ஒரு காரணம். அந்தப் பழக்கத்தையே ஆன் ரணசிங்கவின் சிறிய கவிதை முறிக்கின்றது.

'சிங்களக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் தமிழருக்கு இரங்கினார். அது அவர் பெருந்தன்மை. ஒடுக்கப்பட்ட நாம் எவருக்காகக் கூச வேண்டும்?' என்று நண்பர்கள் சிலர் வினவுவர். அக்கவிதையை எழுதியவரும் ஒடுக்கப்பட்ட இனத்திலேயே பிறந்தவர் என்பதை அவர்கள் மறந்து விடுகின்றனர். தம் இனத்தில் 60 இலட்சம் பேர் கொல்லப்பட்டதைச் சொல்லி அவர் வாய்மூடி இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒடுக்கப்பட்டவருக்குரிய உரிமைகள் பல. கூசாமல் இருக்கும் உரிமை அவற்றுள் ஒன்றன்று. 2023 ஒக்டோபரில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதையும், அதன் பின் காஸாவில் குழந்தைகள் உட்படப் பல்லாயிரவர் கொன்று குவிக்கப்பட்டதையும் கண்ட நமக்கு இது மேலும் தெளிவாக வேண்டும். இறந்தோரின் நினைவை ஓர் அரசு தன் குண்டுகளுக்கு நியாயமாக்கும்போது, அந்த நினைவுக்கே துரோகம் நேர்கிறது. அப்படிச் சொல்லும் யூதர்கள் உலகெங்கும் இருக்கின்றனர். அவர்களையும் சேர்த்து யூதர் என்று வெறுப்பவன், காஸாவின் குழந்தைக்கு எந்த நன்மையும் செய்யவில்லை. 2019 ஏப்ரல் 21-ல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டும், உலகத்துப் பகையை உவமையாக்கி நம் ஊருக்குள் கொண்டுவந்தவர்கள் வைத்ததே. அதில் மாண்ட குழந்தைகள் யாருடைய பகைவர்?

ஆகவே நாம் வேண்டுவது ஒன்று. ஆன் ரணசிங்கவின் தேர்ந்த கவிதைகள் நல்ல தமிழில் பெயர்க்கப்பட்டு நூலாக வரவேண்டும். நுஃமான் தந்த பலஸ்தீனக் கவிதைகளின் பக்கத்திலேயே அந்நூல் வைக்கப்பட வேண்டும். இரண்டையும் ஒருசேரப் படிக்கும் வாசகருக்கு யூதரும் பலஸ்தீனரும் உவமைகளாக எஞ்சார்; வீடிழந்த மனிதராகவே எதிர்ப்படுவர். அந்நூலை வெளியிடும் கூட்டம் கொழும்பு மண்டபத்தில் நடக்க வேண்டாம். காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும் எல்லையிலே, இரு ஊராரும் நடந்து வரக்கூடிய ஓரிடத்தில் நடக்கட்டும். அங்கே ஒரு தமிழ் மாணவி பள்ளிவாசலில் இறந்தோருக்காகவும், ஒரு முஸ்லிம் மாணவன் வீரமுனைக் கோயிலில் இறந்தோருக்காகவும் எழுதியதை வாசிக்கட்டும். அவர்களின் எழுத்தில் சொற்குற்றமும் பொருட்குற்றமும் இருக்கலாம்; திருத்திக்கொள்ள நாம் இருக்கிறோம். எழுதத் தொடங்க வேண்டியவர்கள் அவர்களே.